நானூற்றுப் பதினேழாம் கனெக்சன்

ஓடைக்கல்பாளையத்து ஜனங்களின் ஞாபகங்கள் சாமியப்பன் கேபிள் ஆபீஸ் மாடியில் இருந்த சர்வர் பெட்டிக்குள் இறங்க ஆரம்பித்தது ஒரு வியாழக்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு. நேரத்தை இவ்வளவு கறாராகச் சொல்ல முடிவதற்கு ஊர்க்காரர்களின் கெட்டிக்காரத்தனம் காரணம் இல்லை. வளர்மதி கீபோர்டில் கடைசித் தட்டுத் தட்டியது அப்போதுதான். பெட்டி அதை விநாடி பிசகாமல் எழுதி வைத்துக்கொண்டது. மற்றபடி அன்றைக்கு ஊரில் வெயில் அடித்தது, சந்தைக்கு வெங்காயம் வந்தது, வானத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வளர்மதி அந்த ஆபீசில் சேர்ந்து பதினாலு வருஷம். "படம் கோடு கோடா வருதுங்", "நெட்டு வரலீங்" என்று வருகிற புகார்களை எழுதிக்கொள்ளத்தான் சேர்ந்தாள். பெட்டியை மாட்டிக்கொடுத்த எஞ்சினியர் பெங்களூரு வேலைக்குப் போகும்போது கட்டளைகள் எழுதிய நோட்டு ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். வேறு யாரும் அதைத் தொடாததால் அவள் தொட்டாள், அவள் தொட்டதால் அது அவள் வேலை ஆகிவிட்டது, ஆபீஸ்களில் எப்போதும் இப்படித்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடுவதைப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது. கேட்டதற்கு மட்டும் அது பதில் சொல்லும். சொந்தக்காரர்களைப் போலக் கேட்காததையும் சேர்த்துச் சொல்லாது. வீட்டில் அவளும் அவள் கணவர் நாச்சிமுத்துவும் இரண்டே பேர். அவர் ஊருக்கும் டவுனுக்கும் நடுவே மினிபஸ் ஓட்டினார்.

பெட்டிக்கு இருந்த மெமரி நாலே ஜிபி. மூவாயிரம் வீட்டு நெட்டும், உள்ளூர் சேனலின் பாட்டும், பிறந்தநாள் வாழ்த்தும், கண்ணீர் அஞ்சலியும் அந்த நாலுக்குள்தான் புழங்கவேண்டும். சாயங்காலம் ஆனால் பெட்டிக்கு மூச்சு முட்டிவிடும். புதுப் பெட்டி என்ற பேச்சை எடுத்தாலே முதலாளி சாமியப்பனுக்குக் காது மந்தமாகிவிடும். அவள் பெங்களூருக்கு ஃபோன் போட்டாள்.

"ஸ்வாப் போடுங்கக்கா," என்றார் எஞ்சினியர். "மெமரி நெறஞ்சா, ரொம்ப நாளா தொடாமக் கெடக்கறதை எடுத்து டிஸ்க்குல ஒரு ஃபைலுக்குள்ள போட்டுக்கும். யாராச்சும் கேட்டா மட்டும் திரும்ப மெமரிக்கு எடுத்துட்டு வரும். கொஞ்சம் லேட் ஆகும், அவ்ளோதான்."

டிஸ்க் மெதுவாயிற்றே, மெமரி வேகமாயிற்றே என்று வளர்மதி சொந்தமாக யோசித்ததில்தான் முதல் தப்பு நடந்தது. மெமரிக்குள்ளேயே ஒரு துண்டை வெட்டி, அதை டிஸ்க் மாதிரி நடிக்கவைக்க நோட்டில் வழி இருந்தது. அந்த மெமரி டிஸ்க்கில் ஸ்வாப்பைப் போட்டாள். சாமான் வைக்க இடமில்லை என்று அதே வீட்டுக்குள் இன்னொரு ரூம் கட்டினால் இருந்த இடமும் போகும் என்பது பெட்டி அடியோடு நின்ற பிறகுதான் விளங்கியது. ஊரே ஃபோன் போட்டுத் திட்டியது. மறுநாள், அதாவது அந்த வியாழக்கிழமை, ஒழுங்காக எட்டு ஜிபிக்கு வெறும் சைபர்களாக நிரப்பி டிஸ்க்கில் ஒரு ஃபைல் செய்து, இதுதான் ஸ்வாப் என்று பெட்டிக்குக் காட்டினாள். 'இந்த ஃபைல் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது, மூடிவிடு' என்று திரை எச்சரித்தது. அந்த நேரம் பார்த்து மூன்று ஃபோன்கள் சேர்ந்து அடித்தன. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள். எல்லோருக்கும் திறந்து கிடந்ததால் எல்லோரும் உள்ளே வந்தார்கள். இதைவிட நல்ல காரணம் அதற்குப் பிறகும் யாருக்கும் கிடைக்கவில்லை.

முதல் வாரம் ஊருக்கே தலை லேசானது. தலைவலித் தைலம் தேடி யாரும் மருந்துக்கடைக்கு வரவில்லை. பதினோரு வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் வாய்க்கால் மேட்டில் எதிரெதிரே வந்தபோது, எதற்காகத் திருப்பிக்கொள்கிறோம் என்று இருவருக்குமே தெரியாமல், சும்மா இருக்கட்டும் என்று சிரித்துவைத்தார்கள், பிறகு ஒன்றாக டீ குடித்தார்கள், பிறகு ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் பந்தல்கால் நட்டார். சர்வேயர் வந்து "இந்த வரப்பு யாரோடதுங்க?" என்று கேட்டு வைத்ததுதான் வினை. இருவரும் நாலு மூச்சு இழுக்கும் நேரம் வாயைத் திறந்தபடி நின்றார்கள். ஐந்தாவது மூச்சில் பதினோரு வருஷத்துச் சண்டை ஒரு தூசு படாமல், அன்றைக்குப் போட்ட மாதிரியே, சுடச்சுடத் திரும்பி வந்து சேர்ந்தது. சர்வேயர் சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடினார்.

அதிலிருந்து ஊருக்கு விஷயம் பிடிபட்டது. தொடாமல் கிடந்தது போய்விடும்; யாராவது கேட்டால் வரும், ஆனால் காத்திருக்கவேண்டும்; போனது போனபடியே வரும், ஆறிப்போய் வராது. இதற்கு யாரும் பயப்பட்டதாகத் தெரியவில்லை. கரண்டு போவதற்கும் குழாயில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வருவதற்கும் பழகின ஊர், இதற்கும் பழகிக்கொண்டது. டீக்கடையில் ஒருவரை ஏதாவது கேட்டால் அவர் ஒரு விரலைத் தூக்கிக் காட்டி "ஏறுது, சித்தெ பொறுங்" என்பார். கேட்டவர் டீயை ஆற்றிக்கொண்டு நிற்பார். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு அரைமணி கூட்டிக் கொடுத்தார்கள். கோயிலில் பூசாரி பாதி மந்திரத்தில் விரலைத் தூக்கினால் கற்பூரத்தட்டைப் பக்கத்து ஆள் வாங்கி அணையாமல் பார்த்துக்கொண்டார். நாச்சிமுத்து முக்கு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு வலதா இடதா என்று பார்த்துக்கொண்டிருந்தால், பயணிகள் ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தார்கள், வெளியூர்க்காரர் யாராவது சத்தம் போட்டால் மட்டும், "ஏனுங், உங்க ஊருல இன்னும் வரலீங்களா?" என்று பரிதாபமாகக் கேட்டார்கள்.

மாரியம்மன் பண்டிகைக்குத்தான் கெட்டுப்போயிற்று. வெளியூரிலிருந்து ஒரம்பரையாக வந்த சொந்தக்காரர்கள் ஒரே நேரத்தில் நீ யார் மகன், உனக்குப் பெண் கொடுத்தது எந்த ஊர், உன் சின்னம்மா எப்போது செத்தது என்று ஆளுக்கு ஆள் கேட்கப்போக, ஒன்று ஏறுவதற்கு இன்னொன்று இறங்கவேண்டி, இறங்கினதையே மறுபடி ஒருவர் கேட்க, காலை ஒன்பது மணியிலிருந்து பத்தே கால் வரைக்கும் தேர்வடத்தைப் பிடித்த இருநூறு பேரும் விரலைத் தூக்கியபடி நட்டநடு வீதியில் நின்றார்கள். மேளக்காரர் மட்டும் வெளியூர் என்பதால் விடாமல் அடித்தார். பிறகு ஊர்க்கூட்டம் போட்டு, ரேஷன் கடையில் தருகிற மாதிரி டோக்கன் கொடுத்து, ஒரு விசேஷத்தில் ஒரு நேரத்துக்கு ஐந்து பேர்தான் பழையதைக் கேட்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

இதெல்லாம் எங்கே போய் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடித்தவள் வளர்மதி. தேர் நின்ற அந்த ஒன்றேகால் மணிநேரமும் மாடியில் டிஸ்க் அரைத்துக்கொண்டே கிடந்தது. ஸ்வாப்பில் யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று பெட்டியைக் கேட்டாள். புரோகிராம்களின் பெயர் வரவேண்டிய இடத்தில் கனெக்சன் நம்பர்கள் வரிசையாக வந்தன. ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர், நம்பருக்கு நேரே அந்த வீட்டின் பங்கு. அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. மூடச் சொன்னபோது மூடியிருக்கலாம். உடனே ஃபைலை மூடிப் பார்த்தாள். அன்று பகல் முழுக்க ஊரில் தூக்கிய விரல் இறங்கவில்லை, சோற்றுக்குப் போட்ட உலை எதற்கு என்று தெரியாமல் பெண்கள் நின்றார்கள். அவசரமாகத் திறந்துவிட்டாள்.

அப்போதுதான் பட்டியலின் உச்சியில் இருந்த நம்பரைப் பார்த்தாள். மற்ற வீடுகளுக்கெல்லாம் இரண்டும் மூன்றும் எட்டுமாக இருந்தது. நானூற்றுப் பதினேழுக்கு மட்டும் அறுநூற்றுப் பதினொரு எம்பி. அந்த நம்பர் அவள் வீடு.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி போயிற்று. அறுநூற்றுப் பதினொன்று. எது? கல்யாணத்தை நினைத்துப் பார்த்தாள், இருந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தது இருந்தது. பள்ளிக்கூடம், மாமியார், தொலைந்துபோன மூக்குத்தி, எல்லாம் கேட்டவுடன் வந்தன. எதைக் காணோம் என்பது தெரிந்தால் கேட்கலாம், கேட்டால் வரும், எதைக் காணோம் என்பதுதான் உள்ளே போய்விட்டது. நாச்சிமுத்துவிடம் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் கொறையாத் தெரியலியே," என்றார் அவர்.

"எனக்குத் தெரியுதுங்க. நம்ம வூட்டுது மட்டும் மலையாட்ட நிக்குது."

"அத்தனை பெருசு நல்லதாவா இருக்கப்போவுது? போனதப் போட்டு நோண்டாத வளரு."

ஆனால் அவரும் டவுனில் பெண்கள் கல்லூரி வாசலில், ஸ்டாப்பிங் இல்லாத இடத்தில், தினமும் காலை எட்டே முக்காலுக்கு வண்டியை நிறுத்துவார்; யாரும் இறங்குவதில்லை, யாரும் ஏறுவதில்லை; ஏன் நிறுத்தினோம் என்று அவரே ஒருதரம் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பார். ரேஷன் கார்டிலும் ஒரு குளறுபடி இருந்தது. குடும்ப உறுப்பினர் மூன்று என்று அச்சாகி, மூன்றாவதாக ஒரு பெண்பிள்ளை பெயர். அதை வளர்மதி ஒருநாள் வாய்விட்டுப் படித்தாள். இருவருக்கும் நெஞ்சில் ஏதோ கனத்து, மழைக்கு முந்தின புழுக்கம் மாதிரி ஏறிக்கொண்டே வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் சட்டையை மாட்டினார். அடுப்பில் பால் பொங்கியது. ஆபீஸ்காரர்கள் தப்பாக அடித்திருப்பார்கள் என்று கார்டைப் பீரோவில் வைத்துவிட்டு, பெயரை நீக்க மனு எழுதிப் போட்டார்கள்.

ஃபோன் ஒன்றும் வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, ஒரே நம்பரிலிருந்து. எடுத்தால் ஒரு பெண்குரல் "அம்மா" என்னும்.

"யாருங்க? யாரு வேணும்?"

அந்தப் பக்கம் பதில் இருக்காது, மூச்சு மட்டும் கேட்கும். வளர்மதிக்குக் காரணமில்லாமல் நெஞ்சு கனக்கும், என்னமோ ஏறுகிறது என்று விரலைத் தூக்குவாள். ஃபோனில் விரல் தெரியாது. கால் நிமிஷம் கழித்து, "செரிங்மா" என்று அந்தக் குரல் வைத்துவிடும். கனமும் அப்படியே இறங்கிவிடும். சின்ன விஷயம் நாலு மூச்சில் வரும், பெரிய விஷயத்துக்கு அதிக நேரம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பெரிய விஷயத்துக்குத்தான் யாரும் காத்திருப்பதில்லை என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை. யாரோ தெரியாத பெண், பாவம், அம்மாவைத் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு மத்தியான வேலையைப் பார்ப்பாள்.

பதினோராம் மாதம் டிஸ்க் 'டக், டக்' என்று அடிக்க ஆரம்பித்தது. பெங்களூருக்கு ஃபோனைப் பெட்டியருகே பிடித்துச் சத்தத்தைக் கேட்கவைத்தாள்.

"அக்கா, டிஸ்க் போகப்போகுது. இந்த வாரம் தாங்கினா அதிகம்," என்றார் எஞ்சினியர். "யுபிஎஸ் இருக்கக்கண்டு இத்தனை நாள் நிக்காம ஓடுச்சு. பவரை ஆஃப் பண்ணினா ஸ்வாப்புல இருக்கறது அத்தனையும் அவ்ளோதான், யார் நெனச்சாலும் எடுக்க முடியாது. அதுக்கு முன்னாடி உள்ள இருக்கறதெல்லாம் மெமரிக்குத் திரும்பி வந்துடணும்."

சாமியப்பனுக்கு ஒருவழியாகக் காது கேட்டது. புதுப் பெட்டிக்குச் சொன்னார். சனிக்கிழமை வந்து இறங்கும், ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்குப் பழையதை நிறுத்திப் புதியதைப் போடுவது என்று உள்ளூர் சேனலில் ஓடவிட்டார். ஊரின் பழையதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது என்று வளர்மதி சொல்ல, கூட்டம் கூடியது. போனது போகட்டும், இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றவர்கள் கொஞ்சப் பேர். ஆனால் எது போகப்போகிறது என்று தெரியாமல் எப்படிப் போகட்டும் என்பது என்று மற்றவர்கள் கேட்டபோது அவர்களும் வழிக்கு வந்தார்கள். ஆகவே சனிக்கிழமை முழுக்க ஊர் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்தது. இரண்டிரண்டு பேராக நாற்காலியை எதிரெதிரே போட்டுக்கொண்டு, ஒருவரை ஒருவர் எல்லாவற்றையும் கேட்டார்கள். உன் முதல் வாத்தியார் யார், எந்தக் கிணற்றில் விழுந்தாய், யாரிடம் பொய் சொன்னாய், உன் அப்பா கடைசியாக என்ன சாப்பிட்டார். மண்டபம் முழுக்கத் தூக்கிய விரல்கள். ஏறின பிறகு சிரித்தவர்கள் உண்டு, எழுந்துபோய்க் கைகழுவுமிடத்தில் நின்று அழுதவர்கள் உண்டு. அந்த அண்ணன் தம்பி இருவரும் வரப்பைத் தாண்டிப் பின்னால் போய், சின்ன வயசில் ஒரே டவுசரை மாற்றி மாற்றிப் போட்டது வரை வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தார்கள்.

வளர்மதிக்கு எதிரே எதிர்வீட்டு ருக்குமணியக்கா உட்கார்ந்தாள். பக்கத்தில் நாச்சிமுத்து. முப்பது வருஷமாக ஒரே வீதி.

"கேளுங்கக்கா."

ருக்குமணியக்கா கேட்டாள். மாமியார் சண்டை, மூக்குத்தி, ஆப்பரேசன், வீடு கட்டினது. வளர்மதி ஒவ்வொன்றுக்கும் டக்கென்று பதில் சொன்னாள். அப்புறம் அக்கா கேள்வி கிடைக்காமல் திணறினாள்.

"உங்கிட்ட என்னமோ கேக்கக்கூடாதுன்னு இருக்குது அம்மிணி," என்றாள். "என்னன்னுதான் தெரியல. வீதியில எல்லாருமே அப்படித்தான், உங்க வூட்டப் பத்தி என்னமோ ஒண்ணைப் பேசக்கூடாதுன்னு ஒரு மரியாதை. ரொம்ப நாளாப் பேசாம பேசாம இருந்து, எதைப் பேசக்கூடாதுங்கறதே போயிருச்சாட்ட இருக்குது."

மரியாதை தெரிந்த வீதி. வளர்மதிக்கு அழுகை வந்தது. கேட்டுத் தொலைத்திருக்கலாமே ஒருத்தராவது, ஒரு பொறாமைக்காரியாவது, ஒரு வம்புக்காரியாவது!

சனிக்கிழமை மாலை பட்டியல் அநேகமாகக் காலி. அவள் வீதியில் நாற்பது வீட்டுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு மிச்சம், எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு, என்ன கேட்டும் ஏறவில்லை. அதற்குமேல், அசையாமல், நானூற்றுப் பதினேழு: அறுநூற்றுப் பதினொன்று.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அவள் ஆபீசுக்கு வந்துவிட்டாள். வழக்கமாக ஞாயிறு லீவு. இந்தப் பதினோரு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடத் திரையின் முன்னால் உட்கார்ந்ததில்லை. டிஸ்க் அடித்துக்கொண்டிருந்தது. சாமியப்பன் புதுப் பெட்டியைத் துண்டால் துடைத்துக்கொண்டு, சுவிட்ச் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பன்னெண்டுக்கு நிறுத்திரலாமுங்ளா அம்மிணி?"

"உங்க இஷ்டமுங்க," என்றாள். நாச்சிமுத்து சொன்னதுதான் சரியோ என்று தோன்றியது. இல்லாத ஒன்று இல்லாமலே போனால் அவளுக்கு என்ன நஷ்டம்? நாளைக்கும் விடியும், புகார் வரும், சோறு வேகும். இப்படி நினைத்துக்கொண்டே, தன் வீட்டில் யாரோ சாகக் கிடக்கும்போது தான் வெளியூரில் இருப்பது போன்ற பதைப்பும் அவளுக்கு இருந்தது. இரண்டில் எதை நம்புவதென்று தெரியவில்லை.

பதினோரு மணிக்கு அவள் செல்ஃபோன் அடித்தது. அதே நம்பர்.

"அம்மா."

திரையில் அறுநூற்றுப் பதினொன்று அறுநூற்று ஒன்பது ஆனது.

வளர்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். அறுநூற்று ஒன்பது. அந்தப் பக்கம் மூச்சு கேட்டது. அறுநூற்று எட்டு. நெஞ்சு கனக்க ஆரம்பித்தது. கால் நிமிஷம் ஆகப்போகிறது, வைத்துவிடப்போகிறாள்.

"செரிங்மா—"

"வெக்காதீங்க!" என்று கத்தினாள். சாமியப்பன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். "வெக்காத கண்ணு, வெக்காத. நீ யாருன்னு எனக்குத் தெரியல. ஆனா ஏறுது. ஏறிக்கிட்டு இருக்குது. பேசு. என்னமாச்சும் பேசிக்கிட்டே இரு."

அந்தப் பக்கத்துக்கு ஒன்றும் புரிந்திருக்க நியாயமில்லை. "அம்மா, உங்களுக்கு ஒடம்பு கிடம்பு...? அப்பா பக்கத்துல இருக்காங்களா?"

"அதையெல்லாம் கேக்காத. உன்னப் பத்திச் சொல்லு."

குரல் தடுமாறியது, அழுதது, பிறகு வேறு வழி தெரியாமல் பேசியது. இங்கே மழை என்றது. துணி காயவில்லை என்றது. நாலு வருஷமாகச் சாம்பார் வைக்கிறேன், இன்னும் உங்க சாம்பார் மாதிரி வரவில்லை என்றது. ஐநூற்று எழுபது. நானூற்று முப்பது. டிஸ்க் டக் டக்கென்று அடிக்க, எண் இறங்க இறங்க, வளர்மதிக்குள் வரிசை தெரியாமல் எல்லாம் வந்து விழுந்தன: பால் பல் ஒன்று, அம்மை போட்ட முதுகு, கல்லூரி வாசலில் பஸ் படியிலிருந்து குதிக்கிற கால்கள், ஜடை, காய்ச்சல், பிடிவாதம். முந்நூறு. வாய்க்கால் பாலத்தின் மேல் மினிபஸ் நின்றது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். ஏறுதாட்ட இருக்குது என்று பயணிகள் வாய்க்காலை வேடிக்கை பார்த்தார்கள்.

நல்லதெல்லாம் ஏறின பிறகு மற்றது ஏறியது. வேறு ஜாதிப் பையன் ஒருவன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. அவன் பக்கத்தில் அவள் மகள், கழுத்தில் புது மஞ்சள் கயிறு. நாச்சிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. பேசினது வளர்மதி. பதினோரு மாதமாக இதைத் தன்னிடமிருந்து பெட்டி எடுத்துக்கொண்டது என்று நினைத்திருந்தாளே, அப்படி இல்லை. குழாயடியில் குடத்தை எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டு, இன்றோடு உனக்குத் தலைமுழுகியாயிற்று, இனி எங்கள் வீட்டில் இரண்டே பேர், இவள் பேரை இந்த வீதியில் யாரும் எடுக்கக்கூடாது என்று வீதி கேட்கக் கத்தினது அவளேதான். அம்மா, இவரு பேரு— என்று மகள் ஆரம்பித்தபோது காதைப் பொத்திக்கொண்டு கதவைச் சாத்தினதும் அவளேதான்.

ஆறாமல் வந்தது. அன்றைக்கு இருந்த கோபம் ஒரு தூசு படாமல் அப்படியே வந்தது.

"தாரணி!" என்று அலறினாள்.

அப்புறம் திட்டினாள். சாமியப்பன் தன் வாழ்நாளில் அப்படியொரு திட்டைக் கேட்டதில்லை. சொல்லாமல் போனதற்குத் திட்டினாள், சொல்லிவிட்டுப் போனதற்கும் திட்டினாள். போனவள் திரும்பி வந்து கதவை உடைக்காததற்குத் திட்டினாள். கால் நிமிஷத்தில் ஃபோனை வைத்ததற்குத் திட்டினாள், அம்மா யாரென்று கேட்டால் தாரணி என்று வாயைத் திறந்து சொல்லத் தெரியாதா என்று திட்டினாள். மாடி ஜன்னல் திறந்திருந்தது. கீழே கடைவீதியில் அந்தப் பெயர் காதில் விழுந்தவர்கள் நின்ற இடத்தில் நின்று விரலைத் தூக்கினார்கள். ருக்குமணியக்கா தக்காளியைத் தராசில் விட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். திரையில் நாற்பது வீட்டின் துண்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சைபர் ஆயின. அந்தப் பக்கத்தில் தாரணி ஒவ்வொரு திட்டுக்கும், "ஆமாங்மா, ஆமாங்மா" என்று சொல்லி அழுதுகொண்டே இருந்தாள், ஃபோனை மட்டும் வைக்கவில்லை.

மூச்சு வாங்கி நிறுத்தியபோது நானூற்றுப் பதினேழுக்கு நேரே சைபர் நின்றது. டிஸ்க் கடைசியாக ஒருதரம் அடித்துவிட்டு அடங்கியது. சாமியப்பன் தொடாமலே திரை இருண்டது.

"வர்ற ஞாயித்துக்கெழமை வூட்டுக்கு வா," என்றாள் வளர்மதி. குரல் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. வேறு குரல் அவளிடம் அப்போது இல்லை. "நீ தனியா வந்தீன்னா கதவத் தொறக்க மாட்டேன். அந்தப் பையனையும் கூட்டிக்கிட்டு வா. அவனை..."

நின்றாள். அவன் முகம் வந்திருந்தது, கழற்றிவிட்ட செருப்பு வந்திருந்தது, சட்டையின் கோடுகூட வந்திருந்தது. பெயர் வரவில்லை. பழக்கத்தில் விரலைத் தூக்கிக் காத்திருந்தாள். நாலு மூச்சு, பத்து மூச்சு. ஃபைலில் மிச்சம் ஒன்றும் இல்லை. போட்டு வைத்திருந்தால்தானே திரும்பி வரும். இது அவளுக்குள் ஒருநாளும் இருந்ததில்லை.

தூக்கிய விரலை இறக்கினாள்.

"அவன் பேரு என்னடி?" என்று கேட்டாள்.